சுவரில் பதின்மூன்று கைகள்

அத்தியாயம் பதினொன்று

பெர்னார்டுக்குத் தம் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. மைசூர் சர்க்கார் மரக்கிடங்கில் இருபத்தாறு வருஷ உத்தியோகம். தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிக்குள் இருப்பது சந்தனமா, ஈட்டியா, வெறும் விறகா என்று பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருடைய வீட்டில், அவருடைய சொந்த மகளின் வெள்ளை உடுப்பின் கைப்பகுதியில், மூன்று வாரமாக அரக்கு மெருகின் வாசனை அடித்துக்கொண்டிருந்தால் மனுஷன் சும்மா இருப்பாரா?

இருக்கவில்லை. அந்த வாசனையைத் தொடர்ந்து போய், ஹில்டாவின் கைப்பையில் அவர் ஒரு துண்டுச் சீட்டைக் கண்டெடுத்ததைப் போன வாரமே பார்த்தோம். ‘ஹில்டா. கிதார் ஒன்று. சனிக்கிழமை தயார்.’ கீழே மண்டி மொகல்லாவில் ஒரு பட்டறையின் விலாசம்.

ஹில்டாவுக்கு வயது இருபத்துநான்கு. பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிதாரைக் கையால் தொட்டவள்கூட இல்லை. அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் மின்சாரப் பிரிவில் வேலை. தங்கவயல் மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் வேதியர்தான் நடுவில் இருந்து பேசி முடித்தவர். “உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?” என்று வேதியர் கேட்டு எழுதியபோது, “ஒரே பெண்” என்று பெர்னார்ட் பதில் எழுதினார்.

அது பொய். லூர்துராஜ் என்று மூத்தவன் ஒருவன் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்டள்ளியில் ஒரு கலியாணப் பந்தியில், ஊர் பார்க்க, அவனை அப்பா கன்னத்தில் அறைந்தார். அன்றைக்கே போனவன் திரும்பவில்லை. அவன் பேரை யாராவது எடுத்தால் பெர்னார்ட் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். எடுப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஆக, மிச்சமிருப்பது ஒரு மகள். அவளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் அவர் சந்தேகத்துக்கெல்லாம் அடியில் கிடந்தது. கலியாணத்துக்கு நிற்கிற பெண் கிதார் செய்யச் சொல்லியிருக்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை இருந்தே ஆகவேண்டும். அவன் யார் என்பதுதான் கேள்வி.

வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஜட்காவோடு போய் நின்றார். ஹில்டா வெளியே வந்ததும் சீட்டை எடுத்து நீட்டினார்.

“இந்தப் பட்டறைக்குப் போறோம். ஏறு.”

அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைக் கவனித்தார். மனசில் குறித்துக்கொண்டார்.

“இன்னைக்கு எதுக்கப்பா? சனிக்கிழமைதானே தயாராகும்.”

“சரக்கு வெளிய போறதுக்கு முன்னால பாக்கிறதுதான் என் வேலை. ஏறும்மா.”

ஜட்காவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். குதிரை மணிக்கூண்டைத் தாண்டும்வரை பெர்னார்ட் பேசவில்லை. பேசாமல் இருந்தால் எதிராளி தானாக உளறுவான் என்பது கிடங்கில் கற்ற பாடம். ஹில்டா உளறவில்லை. அவளும் அவர் பெண்தானே.

“உனக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

“கத்துக்கலாம்.”

“யார்கிட்ட?”

“யாராவது கிடைப்பாங்க.”

“கிடைப்பாங்களா, கிடைச்சாச்சா?”

ஹில்டா வீதியைப் பார்த்தாள். “அப்பா, நீங்க மரத்தைத் தட்டிப் பாக்கற மாதிரி மனுஷங்களைத் தட்டிப் பாக்காதீங்க.”

“தட்டாம எப்படி உள்ள பொந்து இருக்குன்னு தெரியும்?”

பட்டறைச் சந்து வந்ததும் அவருக்கு முன்னால் குதித்து இறங்கி, நாலு எட்டு வேகமாக நடந்து, உள்ளே போய்விட்டாள். அவர் ஜட்காவை அனுப்பிவிட்டு வருவதற்குள் அங்கே ஏதோ இரண்டு வார்த்தை பேசப்பட்டுவிட்டது. அதையும் குறித்துக்கொண்டார்.

பட்டறைக்காரர் பெயர் நஞ்சுண்டசாமி. நாற்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியை நூல் போட்டுக் காதில் கட்டியிருந்தார். யானைத் தந்தம் இழைத்த மேஜைகள் செய்கிற குடும்பம். இவர் மட்டும் பாண்டு வாத்தியக்காரர்களின் சகவாசத்தில் மாண்டலின், கிதார் என்று இறங்கிவிட்டார். தசராவுக்கு வந்த வாத்தியக் கோஷ்டிகள் விட்டுப்போன ஆர்டர்கள் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கின. வேலை நிறைய இருந்தது. மனுஷரும் அந்தத் தெம்போடு இருந்தார்.

“பன்னி ஸார், பன்னி!” என்று கன்னடத்தில் வரவேற்றார். “உள்ள வாங்க. நம்ம மனையாட்டி கொள்ளேகாலம் பக்கம். தமிழ் நல்லா வரும் எனக்கு. உக்காருங்க.”

பெர்னார்ட் உட்காரவில்லை. மனையாட்டி இருக்கிறாள் என்ற செய்தியில் ஒரு சந்தேகம் கழிந்தது. முழுசாகக் கழித்துவிட அவருக்கு மனம் வரவில்லை.

“பிள்ளைங்க?”

“மூணு ஸார்.”

“ம்,” என்றார். மனசுக்குள் அந்த வரியை அடித்துவிட்டார். அடுத்த வரிக்குப் போனார். “என் மகளுக்குச் செய்யற கிதார் எது?”

நஞ்சுண்டசாமி ஒரு கணம் ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா தரையைப் பார்த்தாள். பிறகு அவர் ஜன்னலோரமாகத் துணி போர்த்தி வைத்திருந்ததை எடுத்துப் பெஞ்சின்மேல் கிடத்தினார்.

தந்திகள் இன்னும் பூட்டவில்லை. மேல்பலகை வெளிறிய மஞ்சள். முதுகும் பக்கமும் கறுத்த ஈட்டி. மெருகு இன்னும் முழுசாகக் காயவில்லை. அதே வாசனை. பெர்னார்டின் மூக்கு முதலில் மரத்தைக் கண்டது. அதில் அவருக்கு ஒரு நிமிஷம் மகளே மறந்துபோனாள்.

“இந்த ஈட்டி எங்க கிடைச்சுது?”

“வாங்கினதுதான் ஸார்.”

“எல்லாரும் வாங்கினதாத்தான் சொல்லுவாங்க. மைசூர் சீமையில ஒரு ஈட்டி மரம் சர்க்கார் சுத்தியல் முத்திரை இல்லாம வெளிய வரக்கூடாது, தெரியுமா? முத்திரை எங்க? சீவிட்டேன்னு சொல்லுவே. பாஸ் எங்க?”

“அப்பா!” என்றாள் ஹில்டா.

“நீ சும்மா இரு.”

நஞ்சுண்டசாமி கோபப்படவில்லை. சுவர்ப் பெட்டியைத் திறந்து, கம்பியில் குத்தியிருந்த காகிதங்களைப் புரட்டி, ஒன்றை உருவி அவர் கையில் கொடுத்தார். ஏலத்தில் எடுத்த ஈட்டித் துண்டு மூன்று. கிடங்கை விட்டு எடுத்துச்செல்ல அனுமதி. நம்பர், தேதி எல்லாம் சரியாக இருந்தன. பெர்னார்ட் கீழே கையெழுத்துக்கு வந்தார்.

“யாரோட கையெழுத்து ஸார் அது?” என்றார் பட்டறைக்காரர், மிகவும் மரியாதையாக.

பெர்னார்டின் கையெழுத்துதான். ‘பெ’ என்ற எழுத்துக்குக் கொம்பை அவ்வளவு நீளமாக இழுக்கிற ஆள் அந்த ராஜ்யத்திலேயே அவர் ஒருவர்.

ஹில்டா சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். பெர்னார்ட் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஆளாக இருந்தால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார். இவருக்கு ஒரு பக்கம் அடைபட்டால் இன்னொரு பக்கம் இன்னும் வேகமாகத் திறக்கும்.

“மேல்பலகை?”

“செத்துப்போன பியானோ ஸார். காப்பித் தோட்டத்து துரை பங்களாவில கரையான் அரிச்ச பியானோ ஒண்ணு வித்தாங்க. உள்பலகை மட்டும் நல்லாருந்துது. சீமை மரம். அறுபது வருஷம் காஞ்சது. இதுக்கு மேல கிதாருக்கு என்ன வேணும்?”

பெர்னார்ட் பலகையை விரல் மடக்கித் தட்டினார். நல்ல சத்தம். குற்றம் சொல்ல முடியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. குனிந்து கழுத்துப் பக்கம் வந்தார். கழுத்தின் நுனியில், தந்திகள் படிந்து போக ஆறு வெட்டு வெட்டிய சின்ன எலும்புத் துண்டு. பெரிய வெட்டு தடித்த தந்திக்கு. அதிலிருந்து படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போயிற்று.

அவர் நிமிர்ந்து உத்தரத்தில் தொங்கிய கிதாரைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். பக்கத்துக் கிதாரையும் பார்த்தார். தொங்கியவற்றில் எல்லாம் பெரிய வெட்டு ஒரு பக்கம் இருந்தது. இதில் மட்டும் மறுபக்கம்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

“ஹில்டா! இங்க வா. உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க. பாரு, தலைமாத்தி வெட்டியிருக்கு. எல்லாத்துக்கும் இந்தப் பக்கம், உன்னுதுக்கு மட்டும் அந்தப் பக்கம். கழிவுச் சரக்கு இது. கேக்கறதுக்கு ஆள் இல்லாத பொண்ணுன்னு நெனச்சு உன் தலையில கட்டறாங்க.”

“இருக்கட்டும்ப்பா. நான் பேசிக்கறேன். போலாம்.” அவள் குரல் அவசரமாக வந்தது.

“எதுக்குப் போகணும்? தப்பு தப்புதான்.”

இங்கேதான் காரியம் கெட்டது. நஞ்சுண்டசாமியைத் திருடன் என்று சொன்னபோது அவர் பொறுத்துக்கொண்டார். வேலை தெரியாதவன் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சொல்லக்கூடாது என்று ஹில்டா கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“தப்பா? என் பட்டறையிலயா? ஸார், இங்க பாருங்க.”

எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே காகிதங்கள் வரிசையாக ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் வரைந்த ஒரு கை. கையைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்து, விரல்களைச் சுற்றி ஓரம் பிடித்து வரைந்தது. கீழே பெயர்.

“கிதார் கழுத்தை ஆளுக்குத் தக்கபடி சீவணும். நீள விரல்காரனுக்கு ஒரு கனம், குட்டை விரல்காரனுக்கு ஒரு கனம். அதனால கழுத்தைப் பிடிக்கிற கையை வரைஞ்சு வாங்காம நான் உளியையே எடுக்கறதில்ல. எல்லாரும் கழுத்தை எடக்கையில பிடிப்பாங்க, சோத்தாங்கையில மீட்டுவாங்க. எண்ணிப் பாருங்க, பன்னெண்டு எடக்கை. இந்தப் பதிமூணாவது ஒண்ணு மட்டும் சோத்தாங்கை. ஏன்? இவர் அதால கழுத்தைப் பிடிக்கிறார், பீச்சாங்கையால மீட்டுறார். அதுக்காகவே எல்லாத்தையும் மாத்திச் செஞ்சிருக்கேன், உள்ள பலகைக்குத் தாங்கலா ஒட்டின குச்சி முதற்கொண்டு. மைசூர்ல இன்னொருத்தன் செய்யட்டும் பாக்கலாம்!”

பன்னிரண்டு கைகளில் கட்டைவிரல் வலப்பக்கம் நீட்டியிருந்தது. பதின்மூன்றாவதில் இடப்பக்கம். கீழே ‘ஹில்டா’ என்று எழுதியிருந்தது. ஆனால் அது ஹில்டாவின் கை இல்லை. அவ்வளவு அகலமான உள்ளங்கை எந்தப் பெண்ணுக்கும் கிடையாது.

“இவர்னு சொன்னியே,” என்றார் பெர்னார்ட். குரலை உயர்த்தவில்லை. “எவர்?”

நஞ்சுண்டசாமி அப்போதுதான் தாம் பேசியது தம் காதில் விழுந்தவர்போல ஹில்டாவைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“ஆம்பளைக் கை,” என்றார் பெர்னார்ட். “நான் நெனச்சது சரியாப் போச்சு. யாரும்மா அவன்? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

ஹில்டா சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “இது வேண்டாம்ப்பா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“தள்ளு.”

எவ்வளவு பெரிய கை என்று அவளுக்கு மெய்ப்பிக்கத்தான் அவர் தம் வலக்கையைத் தூக்கினார். “இதோ பாரு, என் கை அளவு இருக்கு. நர்ஸம்மா கையாம்!” என்று சொல்லிக்கொண்டே அந்தக் காகிதத்தின்மேல் தம் உள்ளங்கையை வைத்தார்.

கை கோட்டுக்குள் அடங்கிவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், எல்லாம் பென்சில் ஓரத்தில் நின்றன. சுண்டுவிரலும் நின்றது. அதுதான் விஷயம். பெர்னார்டின் சுண்டுவிரல் நுனியில் உள்பக்கமாக வளைந்திருக்கும். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். அந்த வளைவு அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. ஹில்டாவுக்கு அம்மா விரல்.

காகிதத்திலும் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த விரலை மறுபடியும் பார்க்க வேண்டிவரும் என்று பயந்தார்.

அந்தக் குடும்பத்தில் பீச்சாங்கைக்காரன் ஒருவன்தான். ஏழு வயசிலிருந்து பன்னிரண்டு வயசுவரை, சாப்பாட்டு வேளையில், அவன் இடக்கையைத் துண்டால் நாற்காலிச் சட்டத்தோடு கட்டிப்போட்டு உட்காரவைத்தவர் பெர்னார்ட். கட்டினதில் பாதி பலித்தது. சோறு வலக்கைக்கு வந்தது. மற்றதெல்லாம் இடக்கையிலேயே தங்கிவிட்டது. மார்டள்ளிக் கலியாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு அவன் வெற்றிலைத் தட்டை இடக்கையால் நீட்டினான். அதற்குத்தான் அந்த அறை.

“எப்ப வந்தான்?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

பதில் சொன்னது நஞ்சுண்டசாமி. “தசராவில ஸார். பெங்களூர் பட்டாளத் தண்டுல ஒரு டான்ஸ் பாண்டு, அதோட வந்தார். கிதாரைத் தலைகீழாப் பிடிச்சு, தந்தி எல்லாம் மேல கீழா இருக்க, அப்படியே வாசிக்கிறார். நான் முப்பது பேரைப் பாத்திருக்கேன். இந்த மாதிரிக் கை பாத்ததில்ல.”

பெருமை அடித்த மனுஷரின் குரலில் இப்போது வருத்தம் இருந்தது. பெர்னார்ட் கையைக் கீழே இறக்கினார். உள்ளங்கையில் கொஞ்சம் பென்சில் கரி ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைக்கவில்லை.

திரும்பும்போது ஜட்கா பிடிக்கவில்லை. நடந்தார்கள். வழக்கமாக மகளுக்கு முன்னால் நடக்கிறவர் அன்று பின்தங்கினார். ஹில்டா நின்று நின்று நடந்தாள்.

“சனிக்கிழமை மூணு மணிக்கு வரான்ப்பா. அவனே தந்தி பூட்டி எடுத்துக்கிட்டு சாயந்தர ரயில்ல போயிருவான். பம்பாய்ல கப்பல் வாத்தியக் கோஷ்டியில சேந்துட்டான். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.”

“கப்பலா?”

“ஹௌதப்பா, கப்பல்தான். தலைகீழா வாசிக்கிறதுனால பாண்டுல அவனைக் கடைசி வரிசையில, யாரும் பாக்காத இடத்துல உக்காரவெச்சாங்க. பாக்கறவங்க சிரிக்கிறாங்களாம். அவன் கைக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்னு எனக்குத் தோணிச்சு. நான் கலியாணம் ஆகிப் போறதுக்கு முன்னால.”

பெர்னார்ட் எட்டி நடந்து மகளுக்குப் பக்கத்தில் வந்தார். “மூணு மணின்னு சொன்னியா?”

ஹில்டா நின்றுவிட்டாள். “நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சா அவன் வர மாட்டான்ப்பா. அம்மா சத்தியமா நிஜம். கிதாரே வேண்டாம்னு பம்பாய்க்குப் போயிருவான்.”

அவர் தலையாட்டினார். அவள் சொன்னது முழுவதும் அவருக்குக் கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் சலேத்தம்மாள் காத்திருந்தாள். பெர்னார்டின் மனைவி, அதிகம் பேசாதவள் என்று ஊரில் பேர். கையில் ஒரு கார்டு. கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். மகளிடம் திரும்பினாள்.

“பாத்துட்டாரா?” என்று கேட்டாள்.

மூன்றாவது மனுஷரைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். பெர்னார்ட் வாசற்படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றார். அவர் தலைக்குள் கிடங்கு முழுதும் சரிந்தது.

“உனக்கும் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“தசராவில... நவநாளுன்னு ஒம்போது நாள் தொடர்ச்சியாக் கோயிலுக்குப் போனியே!”

“ரெண்டு நாள் நவநாளுங்க. ஏழு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அவனுக்குச் சோறு போட்டேன்.” அவள் குரலில் குற்ற உணர்ச்சி ஒரு துளியும் இல்லை. “எளைச்சுப் போயிட்டான்.”

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரில் போகிற வருகிற வண்டியையெல்லாம் மறித்தவர், தம் அடுப்படியிலிருந்து ஏழு நாள் சோறு வெளியே போனதைப் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது அவமானம்; அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மகன் இளைத்துவிட்டானாம்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சலேத்து.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“நானா கேக்கலை? நான் கேக்காத கேள்வியா?”

“எல்லாங் கேப்பீங்க. பால்காரனைக் கேப்பீங்க, தேங்காய்க்காரனைக் கேப்பீங்க, இவ கைப்பையைக்கூடத் தொறந்து கேப்பீங்க. அவனைப் பத்தி மூணு வருஷத்துல ஒரு நாள் கேட்டீங்களா?” அவள் கார்டை மேஜைமேல் வைத்தாள். பேச்சை நிறுத்துவாள் என்று ஹில்டா நினைத்தாள். நிறுத்தவில்லை. “அன்னைக்குப் பந்தியில கொதிக்கிற குழம்பு அண்டா சாஞ்சு அவனோட சோத்தாங்கை வெந்து போச்சுங்க. மணிக்கட்டு வரைக்கும் கொப்புளம். துணியைச் சுத்தி முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டுத்தான் பந்தி விசாரிச்சான். கலியாண வீட்டுல கலவரம் வேண்டாம்னு. அதனாலதான் மத்தக் கையில வெத்தலைத் தட்டை நீட்டினான். ஏண்டா இந்தக் கைன்னு கேட்டீங்களா? அறைஞ்சீங்க.”

பெர்னார்ட் தம் வலக்கையைப் பார்த்தார். கரி இன்னும் இருந்தது. சுவரில் வைத்தபோது கச்சிதமாகப் பொருந்திய கை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“நாந்தான்ப்பா அவனுக்குக் கட்டுப் போட்டேன்,” என்றாள் ஹில்டா. “சொல்லத்தான் வந்தேன். அவன் பேரை எடுத்ததும் நீங்க எழுந்து போயிட்டீங்க. மறுநாளும். அதுக்கு அடுத்த நாளும்.”

பெர்னார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பதற்காக மேஜைமேல் கிடந்த கார்டை எடுத்தார். தங்கவயல் வேதியரின் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முக்கியமான பூசை இருப்பதால், மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் முன்னதாக, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே வருகிறார்கள். பெண்ணும் பெற்றோரும் வீட்டில் இருக்கவும்.

இரண்டாம் தடவை படித்தார்.

“சனிக்கிழமை மூணு மணி,” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் சலேத்தம்மாள். “ரெண்டும் ஒரே நேரம். இங்க உக்காந்து எனக்கு ஒரே பொண்ணுன்னு அவங்ககிட்டச் சொல்லலாம். இல்லாட்டி அங்க போயி அவனைப் பாக்கலாம். அவன் நின்னு பேசுவானான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இந்தச் சனிக்கிழமையை விட்டா ரெண்டு வருஷம்.”

“எனக்காக எதையும் யோசிக்காதீங்கப்பா,” என்றாள் ஹில்டா. ஆனால் அந்தத் தங்கவயல் மாப்பிள்ளையின் போட்டோவை அவள் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தது அம்மாவுக்குத் தெரியும். அந்த இடம் கலைந்து போனால் அவளுக்கு வலிக்கும். பெர்னார்டுக்கும் அது தெரிந்தது. இன்றைக்கு அவருக்குத் தெரிய வேண்டியவை எல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொண்டிருந்தன.

பேனாவை எடுத்தார். கார்டு எழுதினால் போய்ச்சேர இரண்டு நாளாகும். அதற்குள் அவர்கள் ரயிலேறியிருப்பார்கள். பேனாவை வைத்தார். சுவர்க் கடிகாரம் ஐந்தரை காட்டியது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“தந்தி ஆபீசுக்கு. ஆறு மணிக்கு மூடிருவான்.”

ஐம்பதைத் தாண்டிய மனுஷர் தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். யார் வீட்டிலோ என்னவோ என்று பேசிக்கொண்டார்கள்.

தந்தி ஆபீசில் லிங்கப்பன் கதவைப் பாதி சாத்தியிருந்தான். இரண்டு வருஷமாக அதே தெருவில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்னார்டோடு தின்பண்டம் முதல் தேசம்வரை பேசுகிறவன். மூச்சு வாங்க வந்தவரைப் பார்த்து மறுபடியும் திறந்தான். பெர்னார்ட் படிவத்தை வாங்கி, நின்றபடியே எழுதினார். முதலில் ‘சனிக்கிழமை சௌகரியப்படாது’ என்று எழுதினார். காரணம் என்ன என்று வேதியர் கேட்பார். உடம்பு சரியில்லை என்று போடலாம். கிடங்கில் அவசர வேலை என்று போடலாம். பேனா அந்த இடத்திலேயே நின்றது.

பிறகு எழுதினார். தாளைத் தள்ளினார்.

லிங்கப்பன் வழக்கம்போல எழுதினதை உரக்கப் படித்தான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிக்கொண்டே படித்தான். “சனிக்கிழமை வர வேண்டாம். ஞாயிறு பூசைக்குப் பின் வரவும். என் மகன் வருகிறான்.” நிமிர்ந்தான். “மகனா? ஸார், உங்களுக்கு ஒரே பொண்ணுன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்!”

“ரெண்டு பேரு,” என்றார் பெர்னார்ட். “பெரியவன் பையன்.”

“ரெண்டு வருஷமாப் பேசறோம், சொல்லவே இல்லையே! எங்க இருந்தார் இத்தனை நாளா? எப்படி இருக்கார்?”

ஊரையே கேள்வி கேட்ட மனுஷருக்கு அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. வெளியே விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. லிங்கப்பன் விரலைக் கருவியின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“நீ அனுப்பு,” என்றார் பெர்னார்ட். “அதை இனிமேத்தான் நான் கேக்கணும்.”